நம்பி நடந்தால்தான் மனம் லேசாகுமா?

கேள்வி:

எனக்கு வயது 43. கூடலூரிலிருந்து தினமும் விடியற்காலை ஜீப்பில் குமுளி ஏறி, சக்குபள்ளம் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறேன். ஆறு மாதமாக மனசு கனத்துக் கிடக்கிறது. எதிலும் நாட்டமில்லை. இரவு மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. அரசு மருத்துவமனையில் காட்டியபோது, "தினமும் வாக்கிங் போங்கம்மா, மனசு தெளியும்" என்றார்கள். பகலெல்லாம் மலையில் கிடக்கிற எனக்கு இன்னும் என்ன வாக்கிங்? பக்கத்து வீட்டு அக்கா கால்வாய்க் கரையில் அரை மணி நேரம் நடந்துவிட்டு வந்து, மனசே லேசாகிவிட்டது என்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அவரோடு நடந்து பார்த்தேன். கால் வலிதான் மிச்சம். தேனியில் கல்லூரியில் படிக்கும் என் மகள், "உடற்பயிற்சியால் மனசுக்குக் கிடைக்கிற பலனில் பாதி நம்பிக்கையால் வருகிறதாம், போனில் போட்டிருக்கிறது. நீ நம்பாமல் நடக்கிறாய், அதனால்தான் பலன் இல்லை" என்கிறாள். அப்படியென்றால் தப்பு என் மேல்தானா? தோட்டத்து வேலையையே உடற்பயிற்சி என்று நினைத்துக்கொண்டால் போதுமா?

ஒரு வாசகி, கூடலூர், தேனி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

தப்பு உங்கள் மேல்தானா என்ற கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்களை அதிகம் வதைப்பது அதுதான் என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிந்தது. இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. ஆறு மாதமாக மனம் கனத்துக் கிடக்கும் ஒருவரால் 'இது எனக்கு நல்லது செய்யும்' என்று எதிர்பார்க்க முடியாமல் போவது அந்த நோயின் அடையாளமே தவிர, பிடிவாதமோ அவநம்பிக்கைக் குணமோ அன்று. இனி நன்றாக இருக்கும் என்ற எண்ணத்தைத்தான் மனச்சோர்வு முதலில் பறித்துக்கொள்கிறது. அதைப் பறிகொடுத்தவரிடம் போய் 'நீ நம்பவில்லை' என்று குறை சொல்வது, காய்ச்சலில் கிடப்பவரிடம் உடம்பு ஏன் சுடுகிறது என்று கோபித்துக்கொள்வதைப் போன்றது. உங்கள் மகள் அக்கறையினால் சொல்லியிருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இந்தப் பதிலை அவரும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து படித்தால் நல்லது.

அவர் படித்த செய்திக்கு ஆதாரம் உண்டு. உடற்பயிற்சியால் மனத்துக்குக் கிடைக்கும் நன்மையை அளந்த பல ஆய்வுகளைத் தொகுத்து, 2015-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். அந்த நன்மையில் ஏறக்குறைய பாதி, 'இது பலன் தரும்' என்ற எதிர்பார்ப்பினால் வந்திருக்கலாம் என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆனால் உங்கள் மகள் அந்தச் செய்தியிலிருந்து எடுத்துக்கொண்ட பொருளை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பாதி எதிர்பார்ப்பினால் வருகிறது என்றால், மற்றப் பாதி எதிர்பார்ப்பு இல்லாதவருக்கும் வரக்கூடியது. அது மட்டுமல்லாமல், இந்த இரண்டையும் துல்லியமாகப் பிரித்து அளப்பது மிகக் கடினம். மாத்திரை ஆய்வில் உண்மையான மாத்திரையையும் வெறும் மாவு மாத்திரையையும் ஒரே நிறத்தில் கொடுத்துவிடலாம். ஆனால் நடக்கிறவருக்குத் தான் நடப்பது தெரியாமல் இருக்க வழியே இல்லை. ஆகவே 'பாதி' என்பதை ஒரு தோராயமான மதிப்பீடாக எடுத்துக்கொள்ளலாமே தவிர, ஒவ்வொருவரின் நடையையும் அந்தக் கணக்கில் வெட்டிப் பங்கு போட முடியாது.

எதிர்பார்ப்பு வேலை செய்கிறது என்பதற்கு நேரடியான சோதனைகளும் இருக்கின்றன. 1993-இல் கனடாவின் கியூபெக் மாகாணத்து ஆய்வாளர்கள் 48 இளைஞர்களைப் பத்து வாரப் பயிற்சி ஒன்றில் சேர்த்தார்கள். இரு குழுவினருக்கும் பயிற்சி ஒன்றுதான். ஒரு குழுவினரிடம் மட்டும், இந்தப் பயிற்சி மன நலத்தை மேம்படுத்துவதற்கென்றே அமைக்கப்பட்டது என்று சொல்லி வைத்திருந்தார்கள். பத்து வாரம் கழித்துப் பார்த்தபோது உடல் வலு இரு குழுவினருக்கும் ஒரே மாதிரி கூடியிருந்தது. தன்னைப் பற்றிய மதிப்போ, அப்படிச் சொல்லப்பட்ட குழுவினருக்குத்தான் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்திருந்தது. 2017-இல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தார் செய்த ஆய்வு இன்னும் நுட்பமானது. 76 பேரை அரை மணி நேரம் ஓரிடத்தில் நிற்கும் சைக்கிளை மிதிக்கச் சொன்னார்கள். சிலருக்கு அதற்கு முன் சைக்கிள் மிதிப்பதன் நன்மைகளைச் சொல்லும் குறும்படத்தைக் காட்டினார்கள். அதைப் பார்த்தவர்கள் பயிற்சியை அதிகமாக ரசித்தார்கள்; மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்தபோது அதிலும் வேறுபாடு தெரிந்தது. உடற்பயிற்சி நல்லது என்ற எண்ணத்தோடு வந்தவர்களுக்கு மனத்தளவிலான பலனும் கூடுதலாகவே கிடைத்தது. ஒரே ஒரு தடவை, அரை மணி நேரம் மிதித்ததில் வந்த வேறுபாடு அது.

எதிர்பார்ப்பினால் வந்தது என்றவுடன் அது வெறும் பிரமை என்று நினைத்துவிட வேண்டாம். 1978-இல் கலிபோர்னியாவில், பல் பிடுங்கிய பின் வலியோடு இருந்தவர்களிடம் ஒரு சோதனை நடந்தது. மருந்தே இல்லாத ஊசியைப் போட்டபோதும் சிலருக்கு வலி குறைந்தது. உடம்பு தானே சுரக்கும் வலி நிவாரணிப் பொருளின் வேலையைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்ததும் அவர்களுக்கு அந்த வலி திரும்பி வந்தது. அதாவது, நம்பிக்கை என்று நாம் சொல்வது உடம்புக்குள் ஒரு ரசாயனத்தைச் சுரக்கவைத்து வேலை செய்கிறது. மேடு ஏறும்போது நெஞ்சு படபடக்கிறது, வியர்க்கிறது, மூச்சு வேகமாகிறது. 'உடம்பு சூடேறி வேலை செய்கிறது' என்று அதை எடுத்துக்கொள்பவருக்கும், 'எனக்கு முடியவில்லை, என்னவோ ஆகிறது' என்று எடுத்துக்கொள்பவருக்கும் அந்த அரை மணி நேரம் ஒரே மாதிரி கழியாது.

இதே விசை எதிர்த்திசையிலும் வேலை செய்யும் என்பதை உங்கள் மகளுக்காகவே எழுதுகிறேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2019-இல் வெளிவந்தது. அதில் சிலரிடம், 'உங்கள் மரபணு உடற்பயிற்சியைத் தாங்கும் வகையில் இல்லை' என்று அவர்களின் உண்மையான மரபணு எப்படியிருந்தாலும் சொல்லிவிட்டு, ஓடும் இயந்திரத்தில் ஏற்றினார்கள். அதைக் கேட்டவர்களின் தாக்குப்பிடிக்கும் திறன், முன்பு அவர்களே ஓடியதைவிடக் குறைந்தது; நுரையீரல் வேலை செய்த அளவுகூடக் குறைந்தது. 'நீ நம்பவில்லை, அதனால் உனக்குப் பலன் வராது' என்று வீட்டில் ஒருவர் திரும்பத் திரும்பச் சொல்வதும் அந்த வகையைச் சேர்ந்த சொல்தான். அதை இன்றோடு நிறுத்திவிடலாம்.

இனி, அக்காவுக்கும் உங்களுக்கும் ஏன் இந்த வேறுபாடு என்பதைப் பார்ப்போம். அவருக்கு நம்பிக்கை இருக்கிறது, உங்களுக்கு இல்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். அது மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. அவர் தாமாக விரும்பி, தாம் குறித்த நேரத்தில், களைப்பில்லாத காலோடு நடக்கிறார். நீங்கள் வாரம் முழுக்க மலையில் வேலை செய்துவிட்டு, கிடைக்கிற ஒரே ஓய்வு நாளில், மருத்துவர் சொல்லிவிட்டாரே என்ற கட்டாயத்தில், அவருடைய வேகத்துக்கு ஈடுகொடுத்து நடந்திருக்கிறீர்கள். உடம்பின் சக்திக்கு மேல் வேகம் போனால் பயிற்சியின் நடுவிலேயே மனநிலை சரியும் என்பது பல சோதனைகளில் கண்ட உண்மை. அப்படிச் சரிந்த அனுபவம், அடுத்த ஞாயிறு எப்படி இருக்கும் என்ற எதிர்பார்ப்பையும் கெடுத்துவிடுகிறது. ஆக, உங்கள் அவநம்பிக்கை காரணமில்லாமல் வந்ததன்று. கால் வலியோடு வீடு திரும்பிய நாள்கள் கற்றுக்கொடுத்தது அது.

தோட்டத்து வேலையையே உடற்பயிற்சி என்று நினைத்துக்கொண்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏறக்குறைய இதே கேள்வியை ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஆலியா கிரம், எல்லன் லாங்கர் என்ற இருவர் ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார்கள். ஏழு ஓட்டல்களில் அறைகளைச் சுத்தம் செய்யும் 84 பெண்களை எடுத்துக்கொண்டார்கள். நாளொன்றுக்குச் சராசரியாகப் பதினைந்து அறைகளைப் பெருக்கித் துடைத்து விரிப்பு மாற்றும் அந்தப் பெண்களில் பலர், தாங்கள் உடற்பயிற்சியே செய்வதில்லை என்றுதான் சொன்னார்கள். ஒரு பகுதியினரிடம், நீங்கள் செய்யும் வேலையே நல்ல உடற்பயிற்சி, அரசு பரிந்துரைக்கும் அளவுக்கு அது இருக்கிறது என்று விளக்கினார்கள். நான்கு வாரங்களில் அவர்களின் எடை சிறிது குறைந்திருந்தது. ரத்த அழுத்தத்தில் மேல் அளவு சுமார் பத்துப் புள்ளி இறங்கியிருந்தது. விளக்கம் பெறாதவர்களிடம் அந்த மாற்றம் இல்லை.

இந்த ஆய்வை மட்டும் காட்டி, 'அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள், சரியாகிவிடும்' என்று உங்களுக்கு எழுதிவிடுவது எளிது. அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை. முதலாவது, அங்கே அளக்கப்பட்டவை எடை, ரத்த அழுத்தம் போன்றவையே; மனச்சோர்வு தீர்ந்ததா என்பது அந்த ஆய்வின் கேள்வி அன்று. 2011-இல் வெளிவந்த வேறோர் ஆய்வில் அத்தகைய மாற்றம் தென்படவும் இல்லை. இரண்டாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் உடலுழைப்பையும் கூலி வேலையில் செய்யும் உடலுழைப்பையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, முன்னது நல்ல மன நலத்தோடு சேர்ந்து காணப்பட்டது. பின்னதில் அந்த நன்மை காணப்படாததோடு, சில இடங்களில் மன நலக் குறைவே சேர்ந்து காணப்பட்டது. ஏலத்தோட்ட வேலையைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது. ஏலச்செடியின் காய் தலைக்கு மேலே காய்ப்பதில்லை; தூரடியில், தரையோடு தரையாகப் படரும் சரத்தில் காய்க்கிறது. மழையிலும் ஈரத்திலும் குத்தவைத்து, குனிந்து, நகர்ந்து நகர்ந்து எடுக்க வேண்டும். இடுப்பும் முழங்காலும் நோகும். ஆனால் கை வீசி நடக்கையில் வரும் மூச்சின் ஓட்டமும் தாளமும் அதில் இல்லை. வேகத்தைத் தீர்மானிப்பவர் நீங்கள் அல்லர்; எடை போடும் நேரத்துக் கணக்கும், திரும்பும் ஜீப்பைப் பிடிக்க வேண்டிய அவசரமும் மனத்தை விடுவதில்லை. அந்த உழைப்பை உடற்பயிற்சி என்று பெயர் மாற்றுவதால் இவை மாறிவிடா.

ஆனாலும் அந்த ஆய்வில் உங்களுக்குப் பயன்படும் ஓர் உண்மை இருக்கிறது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவில், வேலையில் ஏறி இறங்கும் நடையும் சேரும். ஜீப் நிறுத்தத்திலிருந்து தோட்டத்துக்கு ஏறும் மேட்டு நடையும், காய்ச் சாக்கோடு ஸ்டோருக்கு வரும் நடையும் உங்கள் கால்களையும் இதயத்தையும் வலுவாகவே வைத்திருக்கக்கூடும். ஆகவே 'என் உடம்பு எதற்கும் லாயக்கில்லை' என்ற நிலையிலிருந்து நீங்கள் தொடங்கவில்லை. இது நினைத்துக்கொள்வதற்காகச் சொல்லும் ஆறுதல் அன்று, உள்ளபடி இருப்பது. எதிர்பார்ப்பை இப்படி உண்மையின் மேல் கட்டினால்தான் அது நிற்கும்.

என் யோசனை இதுதான். ஞாயிற்றுக்கிழமை நடையை விட்டுவிடுங்கள், அன்று ஓய்வெடுங்கள். அதற்குப் பதிலாக, வேலை சற்று இலகுவாக இருக்கும் இரண்டு மூன்று மாலைகளில், வீட்டுக்கு வந்து காப்பி குடித்துக் கால் ஆறிய பிறகு, பதினெட்டாம் கால்வாய்க் கரையில் பத்து நிமிடம் மட்டும் நடங்கள். தனியாகவும் போகலாம், மகள் ஊருக்கு வந்திருந்தால் அவரோடும் போகலாம். யார் வந்தாலும் வேகம் உங்களுடையதாக இருக்கட்டும். பேச முடிகிற, ஆனால் பாட மூச்சுப் போதாத வேகம் சரியான வேகம். அதுவும் கடினமாக இருந்தால் இன்னும் மெதுவாக. சற்று வேகமான பகுதியை முதலில் வைத்து, கடைசி மூன்று நான்கு நிமிடம் தளர நடந்து முடியுங்கள். பயிற்சியைக் கடினமாகத் தொடங்கிப் படிப்படியாகத் தளர்த்தி முடித்தவர்கள் அதைப் பின்னர் இனிமையாக நினைவுகூர்ந்தார்கள், அடுத்த முறையும் இனிமையாக இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள் என்று 2016-இல் ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. அந்த நினைவிலிருந்துதான் அடுத்த நாளுக்கான நம்பிக்கை பிறக்கிறது.

'மனசு லேசாகும்' என்று உங்களை நீங்களே நம்பவைக்க முயல வேண்டாம். வேறொன்று செய்யுங்கள். வீட்டுக் காலண்டரில் அன்றைய தேதிக்குப் பக்கத்தில், கிளம்புமுன் மனக் கனத்துக்குப் பத்துக்கு ஓர் எண்ணும், திரும்பி வந்ததும் ஓர் எண்ணும் எழுதிவையுங்கள். எட்டு என்று போனது ஏழாக வந்தாலும் அது கணக்கில் சேர வேண்டியதே. எட்டாகவே திரும்பினால் எட்டு என்றே எழுதுங்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி எவ்வளவு இனிமையாக இருக்கும் என்று முன்கூட்டிக் கேட்டபோது பெரும்பாலோர் குறைத்தே மதிப்பிட்டார்கள். தொடக்கத்தின் சிரமம்தான் அவர்கள் கண்ணில் பட்டது. செருப்பு மாட்டும் நேரத்தில் மனம் சொல்லும் கணிப்பு பல நாள்களில் தவறாகவே இருக்கும். மூன்று நான்கு வாரம் எழுதிய எண்களைப் பார்த்த பிறகு வரும் நம்பிக்கை, மகள் சொல்லியோ நான் சொல்லியோ வருவதைவிட உறுதியானது. எண்கள் இறங்கவே இல்லை என்றாலும் அது உங்கள் தோல்வி அன்று. அந்தக் காலண்டர் தாளை மருத்துவரிடம் காட்டுங்கள், அவருக்கு அது உதவும்.

நடை உதவும் என்பதில் எனக்கு ஐயமில்லை. 2024-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட தொகுப்பில், 218 ஆய்வுகளில் பங்கேற்ற 14,170 பேரின் தரவுகளைக் கொண்டு, நடையும் மெல்லோட்டமும் யோகாவும் தசை வலுப் பயிற்சியும் மனச்சோர்வைக் குறைக்கின்றன என்று கண்டார்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் நடையை மட்டும் நம்பி விட்டுவிடக் கூடாத சில வரிகள் இருக்கின்றன. எதிலும் நாட்டமின்மை, விடியுமுன் விழிப்பு, அதுவும் ஆறு மாதமாக. இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலே மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டும். க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்று மனநலப் பிரிவில் காட்டுங்கள், கட்டணம் இல்லை. அங்கேயே ரத்தத்தில் ஹீமோகுளோபினையும் தைராய்டையும் பார்க்கச் சொல்லுங்கள். 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. நடந்தால் கால் வலியும் களைப்பும் மட்டுமே மிஞ்சுகிற ஒருவருக்கு அதைப் பார்க்காமல் நம்பிக்கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது நியாயம் இல்லை. சாக வேண்டும் என்ற எண்ணம் எப்போதாவது எட்டிப்பார்த்தால் மருத்துவமனைக்குப் போகும் நாளுக்காகக் காத்திருக்காமல், உடனே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அது மத்திய அரசின் கட்டணமில்லா மனநல உதவி எண்; எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தால், மனநிலையில் அதன் பலன் தெரியப் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்தில் வயிற்றுப் புரட்டலோ மயக்கம் போன்ற உணர்வோ இருந்து பிறகு தணியலாம். இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு தொடங்குகிறவர்கள் நடுவில் நிறுத்துவது குறைவு. நிறுத்த வேண்டும் என்று தோன்றினால் எழுதிக் கொடுத்தவரிடம் கேட்ட பிறகே நிறுத்துங்கள். தோட்டத்தில் கூலி போய்விடும் என்று மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடாமல், இந்த வாரமே ஒரு நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள். புறநோயாளிச் சீட்டு காலையில்தான் கொடுப்பார்கள்.